அலங்கார மீன் தொட்டிக்கு எந்தப் பம்பு ஏற்றது?

பாலாற்றங்கரையில் வேலூர், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரங்களில் கிணற்று நீர் உப்பேறிப்போன பல இடங்களில் நெல்லும் காய்கறியும் முன்போல் விளைவதில்லை. இத்தகைய இடங்களில் வீட்டின் பின்புறம் இரண்டு மூன்று சிமெண்ட் தொட்டிகள் கட்டி அலங்கார மீன்களை வளர்த்து விற்பது நல்லதோர் உபதொழில். அதிக நிலம் தேவையில்லை. ஷூ கம்பெனி வேலைக்குச் சென்று திரும்பும் பெண்களும், பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகளும் காலையிலும் மாலையிலும் சிறிது நேரம் ஒதுக்கினால் போதும்.

ஆனால் இத்தொழிலில் இறங்குவோரில் பலர் தவறு செய்யும் இடம் ஒன்று உண்டு. தொட்டியைக் கவனமாகக் கட்டுகிறார்கள். நல்ல மீன்களாகப் பார்த்து வாங்குகிறார்கள். தண்ணீரைச் சுழற்றும் பம்பை மட்டும் கடைக்காரர் எடுத்துக் கொடுத்ததை அப்படியே வாங்கி வந்துவிடுகிறார்கள். ஒரு நாள் விடியற்காலையில் எழுந்து பார்க்கும்போது மீன்கள் எல்லாம் மேலே மிதக்கின்றன. பல மாத உழைப்பு ஓர் இரவில் வீணாகிறது. மீனுக்கு நோய் வந்துவிட்டது என்று எண்ணி மருந்து தேடுவோரும் உண்டு. பெரும்பாலும் காரணம் நோயன்று. தண்ணீரில் பிராணவாயு தீர்ந்துபோனதே காரணம்.

பம்பு வாங்குமுன் கவனிக்க வேண்டியவற்றைக் கீழே காணலாம்.

முதலில் தண்ணீரைப் பரிசோதிக்கவும்

எவ்வளவு விலை உயர்ந்த பம்பாக இருந்தாலும், தண்ணீரில் கரைந்துள்ள உப்பை அது நீக்காது. சாதாரண வடிகட்டியும் நீக்காது. ஆகவே பம்பைப் பற்றி யோசிக்குமுன் கிணற்று நீரைப் பற்றி யோசிப்பது அவசியம்.

பச்சைத் தோல் கெடாமல் இருக்க அதில் சாப்பாட்டு உப்பைத் தடவுவது வழக்கம். தோல் பதனிடும் சாலைகளில் முதல் வேலையாக இத்தோலை ஊறவைத்துக் கழுவும்போது அந்த உப்பு முழுவதும் கழிவுநீரில் இறங்குகிறது. பல்லாண்டுகள் இந்நீர் நிலத்திலும் ஆற்றிலும் விடப்பட்டதால் பாலாற்றுப் படுகையில் நிலத்தடி நீர் கெட்டது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் சுப்ரீம் கோர்ட் 1996 ஆகஸ்டு 28 அன்று அளித்த தீர்ப்பு, மாசு செய்தவரே அதற்கான ஈட்டுத் தொகையைத் தரவேண்டும் என்று கூறியது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களும் அமைக்கப்பட்டன. எனினும் நிலத்தடியில் ஒருமுறை இறங்கிய உப்பு எளிதில் போய்விடாது. ஒரு கிணறு நன்றாக இருக்க, அரை மைல் தள்ளி உள்ள கிணறு வாயில் வைக்க முடியாத உப்பாக இருப்பதைப் பல கிராமங்களில் பார்க்கலாம்.

மொத்தக் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் சிறிய மீட்டர்கள் கடைகளில் கிடைக்கின்றன. குடிநீருக்கான இந்தியத் தர அளவின்படி லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருப்பது நல்லது. வேறு நீர் கிடைக்காதபோது 2,000 வரை அனுமதிக்கலாம். கிணற்று நீர் இந்த 2,000-க்குள் இருந்தால் அலங்கார மீன்களில் பலவற்றை வளர்க்கலாம்.

இந்த மீட்டர் உப்பின் அளவை மட்டுமே சொல்லும். குரோமியம் போன்ற உலோகம் கலந்துள்ளதா என்று சொல்லாது. எனவே தோல் பதனிடும் சாலைக்கோ கழிவுநீர் ஓடைக்கோ அருகில் உள்ள கிணறானால் நீரைப் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்துப் பார்த்த பிறகே தொழிலில் பணம் போடவேண்டும். வேலூரை அடுத்த விரிஞ்சிபுரத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டால், நீர் மாதிரியை எப்படி எடுப்பது, எங்கு கொடுப்பது என்று அறிந்துகொள்ளலாம்.

தண்ணீருக்கு ஏற்ற மீன்

சற்று உப்பும் கடினத்தன்மையும் உள்ள நீரைப் பார்த்து மனம் தளர வேண்டியதில்லை. குட்டி போடும் மீன்களான மோலி, கப்பி, பிளாட்டி, வாள்வால் ஆகியவற்றிற்குக் கடின நீர் நன்றாகவே ஒத்துக்கொள்ளும். இவற்றுள் மோலி மிகவும் தாங்கும் தன்மை உடையது. மெல்ல மெல்லப் பழக்கினால் கடல் நீரில்கூட உயிர் வாழும். மாறாக, நியான் டெட்ரா, டிஸ்கஸ் போன்றவை இயற்கையில் மென்மையான நீரில் வாழ்பவை. உப்புக் கிணற்றை வைத்துக்கொண்டு இவற்றை வளர்க்க முயல்வது நஷ்டத்திலேயே முடியும்.

நீரில் உப்பு அதிகமாக இருந்தால் மழைநீரைக் கலந்து குறைக்கலாம். லிட்டருக்கு 3,000 மில்லிகிராம் உப்புள்ள கிணற்று நீருடன் அதே அளவு மழைநீரைச் சேர்த்தால் 1,500 ஆகிவிடும். தமிழ்நாட்டில் 2003-ம் ஆண்டு முதல் வீடுகளில் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. நிலத்தில் இறக்கும் அந்த நீரில் ஒரு பகுதியை மூடிய தொட்டியில் சேர்த்து வைத்துக்கொண்டால் மீனுக்கு உதவும்.

தொட்டியில் ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டுமே; உப்பு போவதில்லை. குறைந்த அளவை மீண்டும் மீண்டும் உப்புக் கிணற்று நீரால் நிரப்பிக்கொண்டே போனால் சில மாதங்களில் தொட்டி நீரின் உப்பு கிணற்று நீரின் உப்பைவிட மிகுந்துவிடும். கோடையில் இது வேகமாக நடக்கும். ஆகையால் ஆவியாவதை ஈடுசெய்ய மழைநீரையே ஊற்ற வேண்டும்.

பம்பு செய்யும் மூன்று வேலைகள்

முதல் வேலை, பிராணவாயு சேர்ப்பது. காற்றிலிருந்து பிராணவாயு நீரின் மேற்பரப்பு வழியாகத்தான் உள்ளே போகிறது. மேல் நீர் கீழும், கீழ் நீர் மேலுமாகப் புரண்டுகொண்டே இருந்தால் தொட்டி முழுவதும் பிராணவாயு பரவும். காற்றுக் குமிழிகள் செய்யும் நன்மையில் பெரும்பகுதியும் இந்தப் புரட்டலினால் வருவதே.

இரண்டாவது வேலை, வடிகட்டி வழியாக நீரைச் செலுத்துவது. மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் அம்மோனியா என்ற நஞ்சு உண்டாகிறது. வடிகட்டியில் உள்ள பஞ்சிலும் சரளைக் கல்லிலும் ஒட்டி வாழும் நுண்ணுயிர்கள் இதை முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு தீமை குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இந்த நுண்ணுயிர்களுக்கும் பிராணவாயு வேண்டும். நீரோட்டம் நின்றால் அவையும் சாகும்.

மூன்றாவது வேலை, மூலைகளில் அழுக்குத் தேங்காமல் பார்த்துக்கொள்வது. நீர் அசையாத மூலையில் கழிவு சேர்ந்து அழுகும்.

இரவில் நிறுத்துவது ஆபத்து

மின்சாரச் செலவை மிச்சம் பிடிக்கவும், சத்தம் இல்லாமல் தூங்கவும் இரவில் பம்பை நிறுத்திவிடும் பழக்கம் பலரிடம் உள்ளது. மீன்கள் ஒட்டுமொத்தமாகச் சாவதற்கு இதுவே முக்கியக் காரணங்களில் ஒன்று.

வெயிலில் உள்ள தொட்டியில் நீர் பச்சையாகப் பாசி பிடித்திருக்கும். இந்தப் பாசி பகலில் பிராணவாயுவை வெளிவிடும். இரவிலோ மீன்களைப் போல அதுவும் பிராணவாயுவை எடுத்துக்கொள்ளும். ஆகவே பொழுது விடிவதற்குச் சற்று முன்னர்தான் நீரில் பிராணவாயு மிகக் குறைவாக இருக்கும். நிறுத்த வேண்டுமென்றால் நல்ல வெயில் உள்ள பகலில் சிறிது நேரம் நிறுத்தலாம். இரவில் நிறுத்தவே கூடாது. விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால், அது பசியன்று. மூச்சுத் திணறல் என்று அறிய வேண்டும்.

கோடையும் இதனுடன் சேர்ந்துகொள்ளும். 25 டிகிரி வெப்பத்தில் நன்னீர் லிட்டருக்குச் சுமார் 8.3 மில்லிகிராம் பிராணவாயுவைத் தாங்கும். 30 டிகிரியில் இது சுமார் 7.5 ஆகக் குறையும். வேலூர் வெயில் 40 டிகிரியைத் தாண்டும் நாட்களில் தொட்டி நீர் மேலும் சூடாகும். அதே சமயம் சூட்டில் மீனுக்குப் பிராணவாயு அதிகம் தேவைப்படுகிறது. வரவு குறைந்து செலவு கூடும் காலம் அது. தொட்டி மேல் தென்னை ஓலைப் பந்தல் போடுவது பம்புக்குப் பெரிய துணை.

எவ்வளவு நீர் சுழல வேண்டும்?

முதலில் தொட்டியின் கொள்ளளவைக் கணக்கிட வேண்டும். நீளம், அகலம், நீரின் ஆழம் மூன்றையும் அடியில் அளந்து பெருக்கி, வரும் தொகையை 28.3-ஆல் பெருக்கினால் லிட்டர் கிடைக்கும். 6 அடி நீளம், 4 அடி அகலம், 2 அடி ஆழ நீர் உள்ள தொட்டி என்று வைத்துக்கொள்வோம். 6 × 4 × 2 = 48 கன அடி. அதாவது சுமார் 1,360 லிட்டர்.

வீட்டு முற்றத்தில் மீன் வளர்க்கும் இத்தகைய தொட்டியில், மணிக்கு ஒருமுறை தொட்டியின் முழு நீரும் வடிகட்டி வழியே போய் வந்தால் நல்லது. மீன்கள் குறைவாக இருந்தால் இரண்டு மணிக்கு ஒருமுறை போதும். வீட்டுக் கூடத்தில் வைக்கும் சிறு கண்ணாடித் தொட்டிகளில் மணிக்கு நான்கைந்து முறை சுழற்றுவது வழக்கம். மேலே சொன்ன சிமெண்ட் தொட்டிக்கு மணிக்குச் சுமார் 1,360 லிட்டர் நீர் வடிகட்டிக்குப் போய்ச் சேர வேண்டும்.

அளவுக்கு மீறிய வேகமும் கூடாது. கப்பி, ஏஞ்சல், வால் நீண்ட தங்கமீன் போன்றவை வேகமான நீரோட்டத்தை எதிர்த்து நீந்தியே களைத்துப்போகும். உண்ட தீனி உடம்பில் ஒட்டாது.

பெட்டியில் உள்ள எண்ணை நம்பலாமா?

பம்பின் பெட்டியில் "மணிக்கு 2,000 லிட்டர், ஹெட் 2 மீட்டர்" என்று அச்சிட்டிருப்பார்கள். இதைப் படிப்பவர், பம்பு 2 மீட்டர் உயரத்திற்கு மணிக்கு 2,000 லிட்டர் ஏற்றும் என்று எண்ணிக்கொள்கிறார். இது தவறு. கிணற்றுப் பம்புசெட் வாங்கும்போது ஹெட் பார்த்து வாங்கும் விவசாயிகூட மீன் தொட்டிப் பம்பு விஷயத்தில் இதை மறந்துவிடுகிறார்.

பம்பு கொஞ்சமும் உயர்த்தாமல், குழாய் இல்லாமல், அப்படியே நீரைத் தள்ளினால் வருவது 2,000 லிட்டர். 2 மீட்டர் உயரம் என்பது, நீர் ஏறி ஏறி இனி ஒரு சொட்டும் வராது என்று நிற்கும் இடம். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் உண்மையான வேலை நடக்கிறது. பாதி உயரமான 1 மீட்டருக்கு ஏற்றும்போது ஏறத்தாழ பாதி நீர், அதாவது மணிக்கு 1,000 லிட்டர் வரும் என்று கணக்கிட்டுக்கொள்வது பாதுகாப்பானது.

மேற்சொன்ன தொட்டியில் வடிகட்டி டிரம் மேலே வைக்கப்பட்டு, தொட்டி நீர் மட்டத்திலிருந்து 1.2 மீட்டர், அதாவது 4 அடி, உயர்த்த வேண்டியிருக்கிறது என்க. குழாயின் தடைக்காக இன்னொரு 0.2 மீட்டர் சேர்த்துக்கொண்டால் 1.4 மீட்டர். உச்ச ஹெட் 1.5 மீட்டர் உள்ள பம்பை வாங்கினால் நீர் சொட்டும், ஓடாது. உச்ச ஹெட் 2.5 மீட்டரிலிருந்து 3 மீட்டருக்குள் உள்ள, 2,500 முதல் 3,000 லிட்டர் என்று குறித்த பம்பே இங்கு வேலைக்கு ஆகும். நல்ல தயாரிப்பாளர்கள் ஒவ்வோர் உயரத்திற்கும் எவ்வளவு நீர் வரும் என்ற அட்டவணையையும் தருகிறார்கள். அதைக் கேட்டு வாங்குவது மேல்.

வடிகட்டியைத் தொட்டி மட்டத்திலேயே, அல்லது அரை அடி உயரத்தில் மட்டும் அமைத்தால் சிறிய பம்பே போதும். உயரத்தைக் குறைப்பது ஆண்டு முழுவதும் மின்சாரத்தைக் குறைப்பதாகும்.

வாளிச் சோதனை

பம்பு பொருத்தியபின் உண்மையில் வரும் நீரை அளக்க ஒரு வாளியும் கைக்கடிகாரமும் போதும். குழாயின் முனையை 15 லிட்டர் வாளியில் விட்டு, நிரம்ப எத்தனை விநாடி ஆகிறது என்று பார்க்கவும். 40 விநாடியில் நிரம்பினால் மணிக்கு 1,350 லிட்டர். 60 விநாடி ஆனால் 900 லிட்டர். 15-ஐ 3,600-ஆல் பெருக்கி விநாடியால் வகுத்தால் விடை வரும்.

பம்பு புதிதாக இருக்கும்போது கிடைத்த விநாடிக் கணக்கைச் சுவரில் எழுதி வைக்கவும். மாதம் ஒருமுறை இச்சோதனையைச் செய்தால் பம்பு எப்போது அடைபடுகிறது என்பது முன்கூட்டியே தெரிந்துவிடும்.

குழாயில் கஞ்சத்தனம் வேண்டாம்

பம்பின் வாய் எத்தனை அகலமோ அதற்குக் குறையாத குழாயையே போட வேண்டும். அதே அளவு நீரை, குறுக்களவு பாதியாக உள்ள குழாயில் தள்ள முயன்றால் தடை ஏறத்தாழ முப்பது மடங்காகிறது. எல்போக்களைக் கூடியவரை குறைக்க வேண்டும். மடக்கித் திருப்ப வேண்டிய இடத்தில் வளையும் ஹோஸ் குழாயைப் பெரிய வளைவாக விடுவது நல்லது.

நீர் திரும்பி வரும் குழாயின் முனை தொட்டி நீருக்குள் அமிழ்ந்திருந்தால், மின்சாரம் நின்றதும் நீர் பின்னோக்கி ஓடக்கூடும். அக்குழாயில் நீர் மட்டத்திற்குச் சற்று மேலே ஒரு சிறு துவாரம் போட்டுவிட்டால் காற்று புகுந்து இந்த ஓட்டம் நின்றுவிடும்.

எந்த வகைப் பம்பு?

வீட்டில் உள்ள அரை குதிரைச் சக்தி மோனோபிளாக் மோட்டாரையே மீன் தொட்டிக்கும் வைத்துவிடலாம் என்று எண்ணுவது சரியன்று. அது நாள் முழுவதும் ஓடினால் 9 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் தின்னும். பல மோட்டார்கள் இடைவிடாமல் ஓடத் தயாரிக்கப்பட்டவை அல்ல. உள்ளே இருக்கும் பித்தளையும் இரும்பும் உப்பு நீரில் அரிக்கும். பித்தளையில் உள்ள செம்பு நீரில் கரைந்தால் மீனுக்கும், குறிப்பாக நத்தை, இறால் போன்றவற்றிற்கும் நஞ்சாகும்.

நீரில் மூழ்கும் காந்த வகைப் பம்புகள் இவ்வேலைக்கு ஏற்றவை. இவற்றின் மின்சுருள் முழுவதும் பிளாஸ்டிக் பூச்சினுள் அடைபட்டிருக்கும். நீரைத் தொடுவது காந்தத்துடன் கூடிய இம்பெல்லரும் அதன் அச்சும் மட்டுமே. அச்சு இரும்பாக இல்லாமல் பீங்கானாக இருக்கிறதா என்று கேட்டு வாங்க வேண்டும். உப்பு நீர்ப் பகுதிக்கு இது மிகவும் முக்கியம். இம்பெல்லர் தனியாக மாற்றுப் பொருளாகக் கிடைக்குமா என்பதையும் வாங்கும்போதே கேட்டுவிட வேண்டும்.

மூழ்கும் பம்பு எடுக்கும் மின்சாரத்தில் பெரும்பகுதி கடைசியில் நீரில் சூடாகவே சேர்கிறது. சிறு கண்ணாடித் தொட்டியில் தேவைக்கு மீறிய பெரிய பம்பை வைத்தால் கோடையில் இது தொல்லை தரும்.

குஞ்சு வளர்க்கும் தொட்டிகளுக்கு ஏர் பம்பும் ஸ்பாஞ்ச் பில்டருமே சிறந்தவை. காற்று குழாயினுள் மேலேறும்போது நீரையும் இழுத்துக்கொண்டு வரும். அந்த நீர் நுரைப் பஞ்சு வழியே வடிகட்டப்படும். குஞ்சுகள் உறிஞ்சப்படும் அபாயம் இல்லை. நீரில் சுழலும் பாகம் எதுவும் இல்லாததால் உப்பினால் கெடுவதற்கும் ஒன்றுமில்லை. ஒரே ஏர் பம்பிலிருந்து பல தொட்டிகளுக்குக் குழாய் பிரித்துக்கொள்ளலாம். ஏர் பம்பை எப்போதும் நீர் மட்டத்திற்கு மேலே மாட்டி வைக்க வேண்டும். கீழே வைத்தால் மின்சாரம் நின்றதும் நீர் குழாய் வழியே இறங்கி பம்பைக் கெடுத்துவிடும்.

ஒன்றைவிட இரண்டு மேல்

3,000 லிட்டர் பம்பு ஒன்று வாங்குவதைவிட, அதே ஹெட் உள்ள 1,500 லிட்டர் பம்புகள் இரண்டு வாங்கித் தனித்தனிக் குழாய் போடுவது நல்லது. செலவு சற்று கூடும். ஆனால் நடுஇரவில் ஒன்று நின்றுபோனாலும் மற்றொன்று மீன்களை விடியும்வரை காப்பாற்றும். இரண்டையும் எதிரெதிர் மூலைகளிலிருந்து உறிஞ்சுமாறு வைத்தால் அழுக்குத் தேங்கும் இடமும் இராது.

மின்செலவுக் கணக்கு

பம்பு இரவும் பகலும் ஓடுவதால் விலையைவிட வாட் அளவையே முதலில் பார்க்க வேண்டும். வாட்டை 24-ஆல் பெருக்கி 1,000-ஆல் வகுத்தால் ஒரு நாளைய யூனிட் கிடைக்கும்.

25 வாட் பம்பு இரண்டு ஓடினால் நாளொன்றுக்கு 1.2 யூனிட், மாதம் 36 யூனிட். 10 வாட் ஏர் பம்பு ஒன்றுக்கு மாதம் சுமார் 7 யூனிட். அரை குதிரைச் சக்தி மோட்டாருக்கோ மாதம் 270 யூனிட்டுக்கு மேல். விலை சற்றுக் குறைந்த, ஆனால் இருமடங்கு வாட் எடுக்கும் பம்பை வாங்குபவர், கடையில் மிச்சம் பிடித்ததைச் சில மாதங்களில் மின்கட்டணமாகக் கட்டிவிடுவார்.

மின்தடைக்கு முன்னேற்பாடு

மீன்கள் நெருக்கமாக உள்ள தொட்டியில் சில மணி நேர மின்தடையே ஆபத்தாகும். பெரிய பம்புக்கு மாற்று மின்சாரம் ஏற்பாடு செய்வது செலவானது. அதற்குப் பதில், மின்தடையின்போது ஒரு சிறிய ஏர் பம்பு மட்டும் பேட்டரியில் ஓடினால் போதும். உயிர் காக்க அதுவே உதவும். 12 வோல்ட்டில் ஓடும் 10 வாட் ஏர் பம்பு எட்டு மணி நேரத்திற்குச் சுமார் 7 ஆம்பியர்-மணி எடுக்கும். பேட்டரியைப் பாதிக்கு மேல் இறக்காமல் இருக்க 15 முதல் 20 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்று வைத்துக்கொள்ளலாம்.

அதுவும் இல்லாதபோது, குவளையால் நீரை மொண்டு ஒரு அடி உயரத்திலிருந்து தொட்டியிலேயே ஊற்றிக்கொண்டிருக்க வேண்டும். தீனி போடக் கூடாது. மின்சாரம் வந்ததும் பம்பு உண்மையிலேயே ஓடுகிறதா என்று கையால் நீரோட்டத்தைத் தொட்டுப் பார்க்கவும். சில பம்புகள் முனகும், சுற்றாது. மூடிய வடிகட்டியில் நீர் பல மணி நேரம் தேங்கிவிட்டால் உள்ளே நாற்றமடிக்கும். அந்த நீரை வெளியே கொட்டிய பிறகே மீண்டும் ஓடவிட வேண்டும்.

கடல் மீன் தொட்டி வைக்க விரும்புவோருக்கு

நம் கிணற்று நீரே உப்பாக இருக்கிறதே, கடல் மீன்களை வளர்த்தால் என்ன என்று சிலர் கேட்பதுண்டு. இது இயலாது. கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 35,000 மில்லிகிராம் உப்பு உள்ளது. லிட்டருக்கு 3,000, 4,000 உள்ள கிணற்று நீர் அதற்குப் பக்கத்திலும் வராது. அதில் உள்ள மக்னீசியம், கால்சியம் முதலியவற்றின் விகிதமும் கடல் நீரைப் போன்றதன்று. கடல் மீனுக்குத் தூய நீரில் அதற்கென்று விற்கப்படும் உப்புக் கலவையைக் கரைத்தே தொட்டியை நிரப்ப வேண்டும்.

கடல் தொட்டியில் பம்பின் கணக்கும் வேறு. 30 டிகிரியில் கடல் நீர் லிட்டருக்குச் சுமார் 6.2 மில்லிகிராம் பிராணவாயுவையே தாங்கும். பவளப் பூச்சிகள் ஒரே இடத்தில் ஒட்டியிருப்பவை. உணவையும் பிராணவாயுவையும் நீரோட்டமே அவற்றிடம் கொண்டுவர வேண்டும். கழிவையும் அதுவே அகற்ற வேண்டும். ஆகவே வெளிநாடுகளில் பவளம் வளர்ப்போர் தொட்டியின் கொள்ளளவைப் போல் இருபது மடங்கும் அதற்கு மேலும் நீரை மணிதோறும் சுழற்றுகிறார்கள். ஒரே திசையில் பீய்ச்சாமல், அலை போல் மாறி மாறி அடிக்கும் பம்புகளைப் பயன்படுத்துகிறார்கள்.

ஆனால் நம் நாட்டில் கடின பவளங்கள் 2001-ம் ஆண்டு முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. அவற்றை எடுப்பதும் விற்பதும் குற்றம். கடற்குதிரைகளும் அவ்வாறே. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றியுள்ள பவளப் பாறைகள் 1986-ம் ஆண்டு கடல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. யாரேனும் பவளத்துண்டு கொண்டுவந்து விற்றால் வாங்கக் கூடாது. கடல் தொட்டியே வேண்டும் என்போர், பொரிப்பகத்தில் பிறந்த கோமாளி மீன் போன்றவற்றை வாங்கலாம். மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் இம்மீனின் இனப்பெருக்க முறையை உருவாக்கியுள்ளது. மீன்கள் மட்டும் உள்ள கடல் தொட்டிக்கு மணிக்குப் பத்து மடங்கு சுழற்சி போதுமானது.

பராமரிப்பும் பாதுகாப்பும்

கடின நீரில் இம்பெல்லரின் மீது சுண்ணாம்பு போல் வெள்ளையாகப் படியும். மாதம் ஒருமுறை பம்பைக் கழற்றி, இம்பெல்லரை வினிகரில் அரை மணி நேரம் ஊறவைத்து மென்மையான பிரஷ்ஷால் தேய்த்து, நல்ல நீரில் கழுவி மாட்ட வேண்டும். வடிகட்டிப் பஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே பிழிய வேண்டும். குளோரின் கலந்த குழாய் நீரில் கழுவினால் நன்மை செய்யும் நுண்ணுயிர்கள் அழிந்துவிடும்.

பம்பை நீரின்றி ஓடவிடக் கூடாது. நீர் குறைந்தாலும் மீன்களுக்குச் சிறிது மிஞ்சும்படி, அடியிலிருந்து ஒரு சாண் உயரத்தில் பம்பை வைப்பது நல்லது. அப்போது குழாய் கழன்று நீர் முழுவதும் வெளியேறும் விபத்திலும் ஒரு சாண் நீர் தங்கும்.

நீரும் மின்சாரமும் சேரும் இடமாதலால் மின்கசிவுத் தடுப்பு சுவிட்ச் கட்டாயம் வேண்டும். பம்பின் வயர் நேராக பிளக்கிற்கு ஏறாமல், பிளக்கைவிடக் கீழே தொங்கி வளைந்து ஏறுமாறு விட்டால் வயர் வழியே வழியும் நீர் பிளக்கில் புகாது. தொட்டியில் கைவிடும் முன் சுவிட்சை அணைக்கும் பழக்கத்தைப் பிள்ளைகளுக்கும் கற்பிக்க வேண்டும்.

வாரம் ஒருமுறை தொட்டி நீரில் பத்தில் ஒரு பங்கையாவது மாற்ற வேண்டும். வெளியேற்றும் நீரில் நைட்ரேட் சத்து உண்டு. அதிக உப்பு இல்லாத நீரானால் தென்னைக்குப் பாய்ச்சலாம்.

சுருக்கமாக

கிணற்று நீரைப் பரிசோதித்து, அதற்கேற்ற மீனைத் தேர்ந்தெடுக்கவும். தொட்டியின் லிட்டர் கணக்கைப் போடவும். நீர் ஏற வேண்டிய உயரத்தை அளக்கவும். அந்த உயரத்தில் தேவையான நீரைத் தரும் பம்புகளுள், வாட் குறைந்ததாகவும் அச்சு அரிக்காததாகவும் உள்ளவற்றில் இரண்டு வாங்கவும். ஒரு ஏர் பம்பும் பேட்டரியும் தயாராக இருக்கட்டும். இரவில் பம்பு ஓடும் சத்தம் கேட்டால், மீன்கள் பிழைத்திருக்கின்றன என்று நிம்மதியாகத் தூங்கலாம்.